எட்டுத் தவணை மருந்தும் கோத்தகிரிக் குளிரும்

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஆபரேஷன் எப்போது? அதற்கு முன் ஏழு மாதம் வாயுத் தொல்லை என்ற பெயரில் அவர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்ததால், இனி ஒரு நாளும் வீணாகக் கூடாது என்ற பதற்றம் எங்களுக்கு இருந்தது. ஆகவே, முதலில் நான்கு தவணை கீமோ, பிறகு அறுவை சிகிச்சை, அதன்பின் மீண்டும் நான்கு தவணை என்று கோயம்புத்தூர் மருத்துவர் சொன்னபோது, நோயை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மருந்து ஏற்றுவதா என்று சித்தப்பா கோபப்பட்டதில் வியப்பில்லை.

மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். கட்டியிலிருந்து பிரிந்து ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிதறிய செல்களைக் கத்தி தொடாது. அவற்றை மருந்துதான் தேடிப் போக வேண்டும். இரைப்பை இருக்கும்போது, ஓரளவாவது சாப்பிட முடிகிறபோது, உடம்பு அந்த மருந்தைத் தாங்கும். பிரிட்டனில் நடந்த, மேஜிக் என்று பெயரிட்ட ஆய்வின் முடிவு 2006இல் வந்தது: அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 23 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தார்கள், முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் 36 பேர். அப்பாவுக்குக் கொடுத்தது அதற்கும் பிறகு ஜெர்மனியில் சோதித்து 2019இல் முடிவு வெளியான ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கலவை. ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும்பாலும் முதலில் அறுவை சிகிச்சை, பிறகு மருந்து என்பதே வழக்கமாக இருந்தது. கதிர்வீச்சு அப்பாவுக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பதித்த, போர்ட் என்ற மருந்து ஏற்றும் சிறு கருவி வழியாக மற்ற மருந்துகளை அன்றே ஏற்றி முடித்துவிட்டு, கடைசி மருந்து இறங்க 24 மணி நேரம் ஆகும் என்பதால், குழந்தையின் பால் புட்டி அளவுள்ள ஒரு பம்பை இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். அதைக் கட்டிக்கொண்டு அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்நேரம் தேயிலைக் கொழுந்து எடுக்க யார் வந்திருப்பார்கள் என்று அப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் பம்பைக் கழற்றியதும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு மலை ஏறுவோம். வாந்திக்கு மாத்திரை போட்டிருந்தாலும் கொண்டை ஊசி வளைவுகள் அதை மதிப்பதில்லை.

மே மாதம் தொடங்கிய முதல் நான்கு தவணைகளைவிட, ஆகஸ்டில் இரைப்பையை முழுவதும் எடுத்த பிறகு அக்டோபரில் தொடங்கிய பின்பாதிதான் எங்களை உலுக்கியது. கலவையில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐஸ் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொன்னால் போதும். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தாலே ஐஸ் தண்ணீர்தான். ஒரு காலையில் மறந்துபோய் எவர்சில்வர் சொம்பை எடுத்தவர், மின்சாரம் தாக்கியதுபோல் அதைக் கீழே போட்டார். பச்சைத் தண்ணீர் ஒரு மிடறு உள்ளே போனால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்போல இருக்கிறது என்றார். மூச்சுக்குழல் அடைபடுவதில்லை, அது நரம்பின் உணர்வு மட்டுமே, வெந்நீர் குடித்தால் அடங்கிவிடும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் அலறியிருப்போம். அம்மா தாழ்ப்பாள்களுக்கெல்லாம் கம்பளித் துணி சுற்றினார். பல் துலக்கவும் வெந்நீர்தான்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எந்த நேரமானாலும் வர வேண்டும் என்பது இன்னொரு கட்டளை, ஏனென்றால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேரத் தொலைவில், மண் சரிந்தால் பாதை அடைபடும் ஊரில் இருப்பவர்களுக்கு அது லேசான கட்டளை இல்லை. ஆறாவது தவணை அப்படித்தான் ஐந்து நாள் தள்ளிப்போனது.

அறுத்து எடுத்தாகிவிட்டது, இன்னும் எதற்கு இந்த வதை என்று அப்பா கேட்டதும் அப்போதுதான். புற்றுக்கு மருந்து என்று முள் சீத்தா இலையோடு வந்த உறவினர்களும் அதையே கேட்டார்கள். அந்த ஜெர்மன் ஆய்விலேயே எட்டுத் தவணையையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று மருத்துவர் சொன்னது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. அப்பா மட்டும் பலவீனமானவர் இல்லை. இலையைப் பற்றிக் கேட்டதற்கு, கீமோ முடியும்வரை வேண்டாம், எதைக் கொடுத்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றார். ஏழாவது தவணையில் ஆக்ஸாலிபிளாட்டின் அளவைக் குறைத்தார்கள், எட்டாவதில் அந்த மருந்தை மட்டும் நிறுத்தினார்கள்.

இப்போது அப்பா ஒரு நாளைக்கு ஆறு முறை, முறைக்கு ஒரு இட்லி, சில நாள் ஒன்றரை சாப்பிடுகிறார். பி12 சத்தை உணவிலிருந்து பிரித்துக்கொள்ள இரைப்பை இல்லாததால் ஆயுளுக்கும் ஊசி உண்டு. விரல் நுனிகளின் மரப்பு மட்டும் போகவில்லை. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார்; கொழுந்தை மட்டும் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று அவர் சொல்வதை நாங்கள் யாரும் மறுப்பதில்லை.