ஆபீஸ் ஜிம்னியும் முதல் மண்பாதையும்

தினமும் ஆபீஸ் போய்வரும் என் மாருதி ஜிம்னியை (நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன ஜீப் மாதிரி வண்டி) ஞாயிறன்று நண்பரின் தோப்பு வழியே போகும் மண்பாதையில் இறக்கினேன். அதற்கு முன் ஒரு கடைக்காரர் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், சிக்கினால் வடம் சுற்றி இழுக்கும் வின்ச், கூரை விளக்கு என்று லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் 210 மி.மீ. இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) என் அரிச்சுவடிக்குத் தாராளம்.

வாங்கியது டயர் காற்றழுத்த மானியும் 12 வோல்ட் பம்பும்தான். மணல் வந்ததும் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். டயர் பரந்து உட்கார்ந்தது, வண்டியின் குணமே மாறிவிட்டது! தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெட்டுவிடும்.

4-எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை) போட வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் மறந்தேன். கரகரவென்று ஒரு சத்தம். பக்கத்து சீட்டில் இருந்த வீட்டம்மா பார்த்த பார்வை இருக்கிறதே...

அப்புறம், சிக்கினால் ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுக்காதீர்கள். அந்த உருண்டை பிய்ந்தால் பீரங்கிக் குண்டு. வண்டியோடு வரும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

எல்லாம் பார்த்தவன் ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தால் 14 பி.எஸ்.ஐ.