ஞானப்பல் எடுத்ததும் கரையாத கறுப்பு நூலும்

ஞானப்பல் எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எடுப்பது பெரிய விஷயமே இல்லை. கீழ்த்தாடையில் குறுக்கே படுத்துக் கிடந்த பல்லை மரத்துப்போக ஊசி போட்டு, துண்டு துண்டாக எடுத்தார்கள். வலி தெரியவில்லை, சத்தம்தான் நாராசம். என்னைப் படுத்தி எடுத்தது தையல்.

கிளம்பும்போது தந்த சீட்டில் மாத்திரை, ஐஸ் ஒத்தடம், 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடாது எல்லாம் இருந்தது. தையலைப் பற்றி ஒரு வரி இல்லை. ரிசப்ஷனில் கேட்டேன். "அது தானா கரைஞ்சிடும் மேடம், வரத் தேவையில்லை" என்றார் அந்தப் பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீக்கம் ஏறி, வழக்கம்போல் வடிந்தது. நூல் மட்டும் அப்படியே இருந்தது. செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் கறுப்பு முடிச்சு, அதன் நுனி கன்னத்தைக் குத்திக்கொண்டு, மேலே இட்லித் துணுக்கு வேறு. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டு நூல். அது தானாகக் கரையாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெட்டி எடுக்க வேண்டும். பின்னிய நூல் என்பதால் எச்சில், அழுக்கு எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கரையும் நூல் வேறு ரகம்.

போன் போட்டால் எடுக்க ஆளில்லை. நேரில் போனேன். "சர்ஜன் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார்." அன்று புதன். உள்ளே ஒரு டாக்டர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவர் பிரிக்கலாமே என்றால், "போட்டவர்தான் பிரிக்கணும்" என்றார்கள். ஆட்டோ காசு தண்டம். வெள்ளிக்கிழமை சர்ஜன் வாயைப் பார்த்ததும், "இதை ஏன் இன்னும் எடுக்காம வச்சிருக்கீங்க?" என்று என்னையே கேட்டார்! நான் ரிசப்ஷன் பக்கம் கையைக் காட்டினேன். அப்புறம் என்ன, கத்தரியால் ஒரு நறுக், லேசாகச் சுண்டி இழுத்த மாதிரி, முடிந்தது.

அதனால் நாற்காலியை விட்டு இறங்குமுன் டாக்டரிடமே கேளுங்கள்: கரையும் நூலா, பிரிக்க வேண்டியதா, யார் எப்போது பிரிப்பார். சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

பல் எடுத்த குழிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். நான் சீழ் என்று பதறினேன். ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம், சுரண்டக் கூடாது. பயப்பட வேண்டியது வேறு. குறைந்துகொண்டு வர வேண்டிய வலி மூன்றாம், நான்காம் நாளில் திடீரென ஏறி, காது வரை இழுத்து, வாயும் நாறினால் பெரும்பாலும் குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். அன்றே போய்விடுங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள். கிராம்பெண்ணெய் வாசம் அடிக்கும். புகை பிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

ஈறு மூட சில வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். அதுவரை சாப்பாடு குழிக்குள் போகத்தான் செய்யும். ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை மெதுவாக அடிக்கலாம். ஆரம்ப நாட்களில் வேண்டாம், ரத்தக்கட்டி கலைந்துவிடும்; டாக்டர் சரி என்ற பிறகுதான். முதல்முறை அடித்தபோது எனக்கு வந்து விழுந்தது, ரசத்தில் தாளித்த ஒரு முழுக் கடுகு. இரண்டு நாளாக நாக்கு தேடிக்கொண்டிருந்த ஆசாமி அதுதான்.