மாமாவின் மொரிஸ் மைனருக்குக் கீழே

கல்யாணமாகி இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனுக்கு வந்த முதல் மாதம் என்னிடம் யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. "இந்தியாப் புள்ள, குளிரு தாங்காது, உட்காரும்மா" என்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரியில். குளிர் என்னை என்ன செய்துவிடும்? என் பாட்டி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் விழுந்து, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். அங்கே எங்கள் குடும்பத்துக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. இங்கே நான் இந்தியாக்காரி.

மாமா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் உண்டு. 1098 சிசி, ஸ்ரீ எழுத்து நம்பர் பலகை. அது நிற்கும் இடத்தில் எப்போதும் ஒரு மாஜரின் டின் இருக்கும். "கொஞ்சம் ஒயில் ஒழுகுது, கிழட்டு வண்டிதானே" என்பார். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கராஜில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையத்தை, சீலை, மாற்றினார்களாம், மறுபடியும் ஒழுக்கு.

மழை விடாத ஒரு நாள், பொழுது போகாமல் வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். அப்பாவுக்குக் கோத்தகிரியில் லாரிப் பட்டறை. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஸ்பானர் எடுத்துக் கொடுத்த கை இது. சக்கரங்களின் உள்பக்கம் காய்ந்திருந்தது. பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃப்பின் மூக்கு மட்டும் நனைந்திருந்தது. அதற்கு நேர் மேலே, வண்டியின் தரைத் தகட்டில் குறுக்காக ஒரு எண்ணெய்க் கோடு. டிஃப்பின் மூக்கில் சுற்றுகிற இணைப்புத் தட்டு, பிளான்ஜ், வீசியடித்த கோடு அது. தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை. என்ஜின் ஆயில் அப்படி மணக்காது.

"பினியன் சீல் மாமா, டிஃப்புக்குள்ள போற தண்டுல இருக்கிற சீல். உள்ளே இருக்கிறதே ஒரு லிட்டருக்கும் குறைவு. இப்படியே விட்டா பேரிங் ஊளையிடும்."

மாமா என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும் புள்ள?"

கொழும்பில் வண்டி உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து சீல் வந்து சேர ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில்தான் நான் 'ஆயில்' என்பதை விட்டு 'ஒயில்' என்று சொல்லப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். தடிமனான மரக்கட்டைகளை அச்சுக்கு அடியில் கொடுத்தோம். கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின்முனையில் நாலு போல்ட். பழைய மாதிரியே திரும்பப் பொருத்த வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் உளியால் ஒரு கீறல். ஷாஃப்ட்டை முழுதாக உருவவில்லை, ஓரமாக ஒதுக்கிக் கட்டினோம். உருவினால் கியர்பாக்ஸ் எண்ணெய் முகத்தில் கொட்டும். பிளான்ஜைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. பேரிங் ஆடினால் எந்த சீலும் தாங்காது.

நட்டைத் தொடுவதற்கு முன் நட், பினியன் முனை, பிளான்ஜ் மூன்றிலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் புள்ளி குத்தினேன். பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் குழாய் வைத்த பிற்கால வண்டிகளில் இந்தப் புள்ளிகள்தான் உயிர், கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலும் பேரிங் நெரிபடும். இதில் அவ்வளவு பயமில்லை. ஆனாலும் பழக்கம். பிளான்ஜ் சுற்றாமல் இருக்க ஆங்கிள் இரும்பு ஒன்றை அதில் போல்ட் போட்டுத் தரையில் முட்டுக் கொடுத்தோம். மாமாவும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தொங்கிய பிறகுதான் நட் அசைந்தது.

பிளான்ஜ் கழன்று வந்ததும் விஷயம் தெரிந்தது. சீலின் உதடு உட்காருகிற இடத்தில் மினுமினுவென்று ஒரு வளையம். நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் அதே கதைதான்.

வாட்சப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். "சீலை முழுசா அடிச்சு எறக்காதே. ரெண்டு மில்லி வெளிய நிக்கட்டும், உதடு புது எடத்துல உக்காரும். உரசுதான்னு மட்டும் பாத்துக்கோ." ஸ்பிரிங் பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, உதட்டில் எண்ணெய் தடவி, குழாய்த் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். எண்ணெய் பல் வழியாகவும் கசியும், அதனால் பிளான்ஜின் உள்பற்களில் கொஞ்சம் சீலண்ட். நட்டுக்கு 140 அடி-பவுண்டு இறுக்கம். புள்ளிகள் நேருக்கு நேர் வந்து நின்றன. அப்பாவும் மாமாவும் அதற்குள் போனில் நட்பாகி, டிஃப்புக்கு ஊற்றும் 90 ஹைபாய்டு ஒயில் இரண்டு நாட்டிலும் என்ன விலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் சோதனை ஓட்டம். மாமா எங்கே என்று சொல்லவில்லை. டிக்கோயா, நோர்வூட் தாண்டி வளைந்து வளைந்து போனார். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, "ஒங்க பாட்டி எந்தத் தோட்டம்னு சொன்ன?" என்று கேட்டார். டிவிஷன் பெயர் எனக்குத் தெரியாது. பாட்டி 'மேல் கணக்கு' என்று மட்டும்தான் சொல்வாள். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துத் திரும்பினார்.

அன்று இரவு வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் பின்பக்கம் சுத்தம். முன்பக்கம், என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில், காசு அகலத்துக்கு ஒரு சொட்டு. அந்த என்ஜினுக்குப் பின்னால் ரப்பர் சீலே கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பத் திருகு வெட்டு மட்டும்தான். அது சொட்டத்தான் செய்யும்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாஜரின் டின்னைக் காலால் இரண்டு முழம் முன்னே தள்ளி வைத்தார். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, "புள்ளைக்குக் கை கழுவ மண்ணெண்ண எடுத்துக் குடுங்க" என்றார்.