அன்னபேதியில முக்கின நிக்கல் பட்டை, மூணு வாரத்துல பார்த்தது

பிளாட்டினம், இரிடியம் மாதிரி விலை கூடின உலோகம் எதுவும் இல்லாம தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கணும்னா எவ்ளோ கரண்ட் ஆகும்னு மூணு வாரமா மொட்டை மாடியில வச்சு பார்த்துட்டு இருக்கேன். தண்ணி பிரியறதுக்கு கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், ஆனா ஆக்சிஜன் வர்ற பிளஸ் பக்கம் ரொம்ப மந்தமா வேலை செய்யும், அதனால அந்தப் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன்.

முதல்ல போட்டது 304 ஸ்டீல் தகடு. காஸ்டிக் சோடா கரைசல்ல ரெண்டு நாள் ஓட்டினதும் லேசா மஞ்சள் நிறம் தட்டிச்சு. ஸ்டீல்ல இருக்க குரோமியம் குரோமேட்டா கரைஞ்சு வந்தா இந்த நிறம்தான் வரும், அது கேன்சர் வரவைக்கிற விஷம். அன்னிக்கே நிறுத்திட்டேன். தயவுசெஞ்சு யாரும் ஸ்டீலை பிளஸ் பக்கம் போடாதீங்க, உப்புத் தண்ணியும் வேண்டாம், அதுல குளோரின் வரும்.

அப்புறம் பேட்டரி பேக்ல வெல்டிங் பண்ற நிக்கல் பட்டை வாங்கினேன். முதல்ல வந்தது நிக்கல் பூசின இரும்பு. காந்தம் வச்சா தெரியாது, நிக்கலும் ஒட்டும். அரத்தால கீறி ராத்திரி முழுக்க உப்புத் தண்ணியில போட்டேன், காலையில கீறின இடத்துல துரு. ரெண்டாவது வாங்கினதுதான் சுத்த நிக்கல்.

லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் (தண்ணியிலதான் காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும்), ரெண்டு பக்கமும் நிக்கல், முங்கின பகுதி 10 சதுர சென்டிமீட்டர், நடுவுல 1 சென்டிமீட்டர் இடைவெளி, கரண்ட் 0.5 ஆம்பியர். இந்தக் கரண்ட் ஓட வெறும் நிக்கலுக்கு 2.16 வோல்ட் தேவைப்பட்டுச்சு, இந்த எண் குறையக் குறைய மின்சாரம் மிச்சம். அதே பட்டையை அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல்ல ஒரு நிமிஷம் முக்கி, அலசி, திரும்பப் போட்டா 2.05! கிளிப்ல கோளாறு இருக்குமோன்னு மீட்டர் முனையை நேரா பட்டையில வச்சும் பார்த்தேன், அதே 2.05.

மறுநாள்தான் குழப்பமே வந்துச்சு. ஒப்பிட்டுப் பார்க்க முக்காத புதுப் பட்டை ஒண்ணை அதே டப்பாவுல போட்டேன், 2.16 வரணும்ல, அரை மணியில 2.08க்கு இறங்கிடுச்சு. தேடிப் படிச்சப்புறம்தான் புரிஞ்சது, இரும்பு கரைசல் வழியாவே போய் நிக்கல் மேல ஏறிக்குது. 1987லயே டென்னிஸ் காரிகன் இதை எழுதியிருக்கார், கரைசல்ல அழுக்கா கலந்திருக்க துளி இரும்பே நிக்கல் ஆக்சிஜன் விடற வேகத்தை ஏத்திடும்னு. 2014ல ஒரேகான் பல்கலைக்கழகக் குழு இரும்பை சுத்தமா எடுத்துட்டு சோதிச்சப்போ நிக்கல் மட்டும் ரொம்ப சுமார்தான்னு தெரிஞ்சது. அப்படின்னா நான் முதல்ல எடுத்த 2.16 கூட சுத்த நிக்கலோட எண் கிடையாது, கடை காஸ்டிக்லயே இரும்பு இருந்திருக்கு!

இரும்பை எடுக்க அந்த ஒரேகான் குழுவோட வழியையே பிடிச்சேன். முலாம் பூசற கடையில நிக்கல் சல்பேட் வாங்கி (கையுறை கட்டாயம்) காஸ்டிக்ல விட்டா வெளிர் பச்சையா படியும், அதை நல்லா கழுவி புது காஸ்டிக் கரைசல்ல கலக்கி ஒரு நாள் விட்டா அது இரும்பை உறிஞ்சிக்கும், மேல தெளிஞ்சதை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவுல இறுத்துக்கணும். கண்ணாடி பாத்திரம் வேண்டாம், அதுல இருந்தும் இரும்பு வரும். அதுல புதுப் பட்டையைப் போட்டதும் 2.22 வோல்ட். அதுக்கும் 2.05க்கும் நடுவுல 0.17 வோல்ட், கேட்க சின்னதா இருக்கலாம், 1 கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்கு போட்டா நாலரை யூனிட் கரண்ட் மிச்சம். அதுவும் உரக்கடையில கிடைக்கிற அன்னபேதியால.

பச்சைப் படிவையும் மஞ்சள் கரைசலையும் தனித்தனி பாட்டில்ல மூடி எழுதி வச்சிருக்கேன், சாக்கடையில ஊத்த மாட்டேன். அடுத்து ஹைட்ரஜன் வர்ற மைனஸ் பக்கம், சோடியம் மாலிப்டேட் (மாலிப்டினம் உலோகம் இருக்க உப்பு) வாங்கி நிக்கலோட சேர்த்து பூசிப் பார்க்கணும், ரீடிங் வந்ததும் எழுதறேன்.