மந்தமான நாளில் தெற்கு நோக்கி

ஃபுளோரிடாவில் டேவன்போர்ட் பக்கம், இன்ஜின் இல்லாத சிறகில் தொங்கியபடி பறக்கும் ஹேங் கிளைடிங் மைதானம் ஒன்றில் டேண்டம் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். வருகிறவரை என்னோடு ஒரே கிளைடரில் மாட்டிக்கொண்டு, இழுவை விமானத்தின் பின்னால் 2,000 அடி வரை போய், கயிற்றை விட்டுவிட்டு, வட்டமடித்தபடி அதே புல்வெளியில் வந்து இறங்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் காலையிலும் மாலையிலும்தான் இந்த வேலை நடக்கும். நண்பகலில் தரை சூடாகி, தெர்மல் என்கிற மேலெழும் வெப்பக் காற்று கிளம்பிவிட்டால் குலுக்கல் அதிகம், புதியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். ஆக, வானத்தில் லிஃப்ட், அதாவது கிளைடரை மேலே தூக்கும் காற்று, இருக்கிற நேரம்தான் எங்களுக்கு ஓய்வு நேரம். சம்பளம் சுமார்தான் என்றாலும் இந்த ஒரு வசதிக்காகவே நான் வேறு வேலை தேடவில்லை.

நான் சொல்லப்போகிற பயணத்தில் என்னோடு பறந்த நண்பர் இங்கே டிராகன்ஃபிளை ஓட்டுகிறவர். ஹேங் கிளைடர்களை இழுப்பதற்கென்றே பாபி பெய்லி வடிவமைத்த விமானம் அது. கிளைடரின் நிதான வேகத்துக்கு ஈடுகொடுத்து மெதுவாகப் பறக்கும். தினமும் எங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு கீழே இறங்குகிறவர், மார்ச்சில் ஒரு நாள், "இன்னிக்கு என்னையும் யாராவது இழுக்கட்டும், தெற்கே போவோம்" என்றார்.

போகக்கூடிய நாளே இல்லை அது. முந்தின நாள் குளிர்க்காற்று முகப்பு ஒன்று கடந்து போயிருந்தது. வானம் துடைத்துவிட்ட நீலம், பேருக்குக்கூட மேகம் இல்லை. 3,500 அடிக்கு மேல் சூடான காற்றடுக்கு ஒன்று மூடிபோல உட்கார்ந்திருந்ததால் தெர்மல் அதைத் தாண்டாது. மற்றவர்கள் கிளைடரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எங்களுக்குச் சாதகமாக இருந்தது ஒன்றுதான்: வடக்கிலிருந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசிய காற்று. தெற்கே போனால் ஆர்லாண்டோவின் வான்வெளிக் கட்டுப்பாடும், டிஸ்னி வளாகத்தின் மேல் 3,000 அடி வரை உள்ள பறக்கும் தடையும் முதுகுப் பக்கம் போய்விடும். 27-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு ஹெய்ன்ஸ் சிட்டி, டண்டீ, லேக் வேல்ஸ் என்று போகலாம்.

ஹேங் கிளைடர் வட்டமடிக்கும்போது நொடிக்குச் சுமார் 1 மீட்டர் இறங்கும். காற்றும் அதே வேகத்தில் மேலே எழுந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏறினால் கீச்சிடும் கருவியான வேரியோ பேசாமல் இருக்கும். பலமான நாட்களில் இந்தப் 'பூஜ்யத்தை' யாரும் மதிப்பதில்லை, அடுத்த தெர்மலைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். அன்று எங்களுக்குக் கிடைத்ததே பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனால் பின்காற்று இருக்கிறதே, அரை மணி நேரம் அதில் சுற்றிக்கொண்டிருந்தால் ஏழெட்டு கிலோமீட்டர் சும்மா கிடைத்துவிடும். டிக்கெட் எடுக்காத பஸ் பயணம்.

டண்டீ வரை இப்படித்தான் ஓட்டினோம். இருநூறு முந்நூறு மீட்டர் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பறப்போம். ஒருவருக்கு அகப்படாதது மற்றவருக்கு அகப்படும். முதலில் சுற்ற ஆரம்பிப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாரோ அடுத்தவரும் அதே பக்கம், வட்டத்தில் எதிரெதிரே. தலைக்கு மேல் இருப்பவரைக் கீழே இருப்பவரால் பார்க்க முடியாது, சிறகு மறைத்துவிடும். அதனால் மேலே இருப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

லேக் வேல்ஸை நெருங்கும்போது எனக்கு 1,100 அடிதான் மிச்சம். இடது பக்கம் ஏரி, அங்கே ஒன்றும் கிடைக்காது. முன்னால் காய்ந்த ஆரஞ்சுத் தோப்பு. ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோய் 2005-இல் இங்கே தென்பட்ட பிறகு கைவிடப்பட்ட தோப்புகள் ஏராளம். மரம் பட்டுப்போய் மணல் வெளியே தெரிகிற தோப்பு, பச்சைத் தோப்பைவிடச் சீக்கிரம் சூடாகும். விவசாயிக்குப் போனது எங்களுக்கு லிஃப்ட். இதை வெளியே சொல்லவே சங்கடம். அதன் ஓரத்துக்கு வந்தபோது வலது இறக்கை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டது. தெர்மலின் விளிம்பு கிளைடரை வெளியே தள்ளத்தான் பார்க்கும். எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கமே உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். திருப்பினேன். வேரியோ ஒரு முறை கீச்சிட்டது, நின்றது, மறுபடி கீச்சிட்டது. வட்டத்தின் ஒரு பாதி ஏற்றம், மறு பாதி இறக்கம். ஏற்றம் இருந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தை நகர்த்தினேன்.

நண்பர் அப்போது என்னைவிட ஆயிரம் அடி மேலே, பூஜ்யத்தில் இருந்தார். கிளம்பியிருக்கலாம். ரேடியோவில், "அவசரமில்லை, நான் இங்கேயே சுத்துறேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அடியில் எங்கிருந்தோ இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் வந்து சேர்ந்துகொண்டன. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது, 2,600 அடி வந்தேன். பாக் டவர் மரங்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது; 62 மீட்டர் கோபுரம் அங்கிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை.

2012 ஜூலை 3-ஆம் தேதி டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து டஸ்டின் மார்ட்டின் ஹேங் கிளைடரில் 764 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார். அன்று ஜானி டூரண்டும் நெடுந்தூரம் அவர் கூடவே பறந்து, அவருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் இறங்கினார். எங்கள் மைதானத்தில் இந்தக் கதையைச் சொல்லாதவர் கிடையாது. எனக்கு என்னவோ, அவ்வளவு பலமான நாளில் சேர்ந்து பறப்பதைவிட, நொடிக்கு அரை மீட்டர்கூட ஏறாத நாளில் ஒருவருக்காக இன்னொருவர் பூஜ்யத்தில் காத்திருப்பது கடினம் என்று படுகிறது. மூடி எப்போது இறுகும், தரை எப்போது ஆறும் என்று தெரியாது. காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கைக்காசு.

ஃப்ராஸ்ட்புரூஃபுக்கு வரும்போது மணி நாலரை. எனக்கு 900 அடி, அவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு. மாடுகள் ஒதுங்கியிருந்த ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் இறங்கறேன்" என்றேன். இந்தத் தடவை அவர் மறுபேச்சில்லாமல் போனார். முள்கம்பி வேலியைத் தாண்டி, வடக்கே திரும்பி, காற்றுக்கு எதிராகத் தூக்கி நிறுத்தி இறங்கினேன். சிறகை விறைப்பாக வைத்திருக்கும் பேட்டன் குச்சிகளை உருவி, சிறகைச் சுருட்டி முடிப்பதற்குள் தான் இறங்கிய இடத்தை அனுப்பிவிட்டார்: ஆறு கிலோமீட்டர் தெற்கே, ஒரு பண்ணை வாசலில்.

வண்டி என்னிடம்தான் முதலில் வந்தது. அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம், டண்டீயில் அந்தப் பூஜ்யத்தை விட்டு யார் முதலில் கிளம்பியது என்றுதான் பேச்சு. என்னைத்தான் சொல்கிறார் அவர். ஜிபிஎஸ் பதிவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பேருமே திறக்கவில்லை.