ஜிஇடி பாஸ், அப்புறம்?

அமெரிக்காவில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான வகுப்பில் வாரம் இரண்டு மாலை கணக்கு சொல்லித் தருகிறேன். எல்லோரும் ஜிஇடி எழுத வருகிறவர்கள். பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு ஈடான தேர்வு அது. நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் பாஸ். பாஸானதும் கைதட்டி வழியனுப்பிவிடுவோம். கல்லூரியில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போன பலர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

சரி, ஒருவரோடாவது கடைசிவரை கூடப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். அவருக்கு வயது 43, கணக்கில் 151.

முதலில் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பம். இரண்டு வாரமாக அதைத் தொடவே இல்லை. கேட்டால், "அப்பா அம்மா வருமானம் கேட்பார்களாமே. அப்பா போய் இருபது வருஷமாச்சு, நான் எங்கே போய்த் தேட?" என்றார். 24 வயதானவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது! யாரோ 18 வயதுப் பையனுக்குச் சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரே மாலையில் முடித்தோம். பெல் கிராண்ட் என்கிற அரசு உதவித்தொகையும் கிடைத்தது.

அடுத்ததில் சறுக்கியது நான்தான். எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க அக்யூபிளேசர் என்றொரு தேர்வு. "சும்மா ஒரு டெஸ்ட், படிக்கவே வேண்டாம்" என்றார்கள் கல்லூரியில். நானும் தலையாட்டினேன்.

ஜிஇடி கணக்கில் பெரும்பாலான கேள்விகளுக்குத் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. கஷ்டமான கேள்வியைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். மாதக்கணக்கில் அப்படித்தான் பழக்கியிருந்தேன். அக்யூபிளேசரில் விடை கொடுக்காமல் நகர முடியாது, திரும்பியும் வர முடியாது. கால்குலேட்டர் சில கேள்விகளுக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். ஒரு பின்னக் கழித்தலுக்கு அவர் திரை முழுக்கக் கால்குலேட்டரைத் தேடியிருக்கிறார். நேரக் கட்டுப்பாடு கிடையாது என்பதுகூடத் தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எதையோ அழுத்திவிட்டு வந்தார். ஆகக் கீழ்க் கணக்கு வகுப்பு. அந்த வகுப்புகள் பட்டத்துக்குச் சேராது, கிராண்டை மட்டும் கரைக்கும்.

165 எடுத்தால்தான் கல்லூரிக்குத் தயார் என்று ஜிஇடிக்காரர்களே சொல்கிறார்கள். நாங்கள்தான் 145-ஐத் தாண்டிப் பார்ப்பதில்லை.

நல்லவேளை, மறுபடி எழுத விட்டார்கள். மூன்று வாரம், பென்சிலும் பேப்பரும், பின்னம் மட்டும். இந்த முறை இரண்டு படி மேலே வந்துவிட்டார்.

வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் போன் செய்தார். ஒரு கணக்கு புரியவில்லையாம். பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸில் போய்க் கேளுங்கள் என்றேன்.

"ஐயோ, அது அவர் வேலை பார்க்கிற நேரமில்லையா? தொந்தரவு செய்யக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறார்கள்?"

மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம் அது என்று எங்கள் வகுப்பில் யாருமே சொன்னதில்லை, நான் உட்பட. செவ்வாய்க்கிழமை போனார். அவரைத் தவிர அங்கே வேறு யாரும் வரவில்லையாம்.