ஜண்டேவாலானில் வாங்கியது பாதி வண்டிதான்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்து மணியானால் சைக்கிளோடு கீழே இறங்கிவிடுவார்கள். பாப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்று பார்ப்பாள். எட்டு வயது. குறைமாதத்தில் பிறந்தவள்; இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன பிப்ரவரியில் ஒருநாள், "எனக்கும் சைக்கிள் வேணும்மா. நானே மிதிக்கற சைக்கிள்" என்றாள். அதற்காக எட்டு மாதம் அலைந்தேன்.

முதலில் அரசு வழி. பாப்பாவுக்கு யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் உபகரணம் தருவார்கள். பெற்றோரின் வருமானத்துக்கு வரம்பு உண்டு. ஒருமுறை வாங்கிவிட்டால் அதே தேவைக்கு மறுபடி கேட்க மூன்று வருடம் ஆக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் ஒரு வருடம் போதும். பிள்ளைகளின் காலைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிளின்ட், வாக்கர் சிறிதாகிவிட்டால் இதைத் தயங்காமல் கேளுங்கள். நான் தெரியாமல் இரண்டு வருடம் விட்டுவிட்டேன். அந்தத் திட்டத்தின் முகாமில் காட்டிய மூன்று சக்கர வண்டி கையால் சுற்றுவது, பெரியவர்கள் உட்காரும் அளவு. மோட்டார் வண்டி 16 வயதுக்கு மேல்தான். காலால் மிதிப்பது வேண்டும் என்றேன். "சைக்கிள் எதுக்கு மேடம்? வீல்சேர் எழுதித் தரேன்" என்றார் ஒருவர். அன்று மெட்ரோவில் அழுதுகொண்டேதான் வந்தேன்.

வெளிநாட்டில் இதற்கென்றே வண்டி செய்கிறார்கள். அமெரிக்காவின் ரிஃப்டன் வண்டியைப் படத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அந்த ஆசையை விட்டோம்.

வழி காட்டியவர் பிசியோதெரபிஸ்ட். "வண்டியைத் தேடாதீங்க, முதல்ல குழந்தையை அளப்போம்" என்று பாப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்தார். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை, எல்லாம் ஸ்பிளின்ட் போட்ட காலோடு. அவர் சொன்னதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். பெடல் அடியில் இருக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீட்டினால் கால் விறைத்துக்கொள்ளும். அதற்காக சீட்டை இறக்கினால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அதிகமாக மடங்கும். அதனால் பெடல் மாட்டும் கிராங்க்கே குட்டையாக வேண்டும். பெல்ட் முதலில் இடுப்பில், பிறகுதான் மார்பில். இரண்டு முழங்காலும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே ஒரு தடுப்பு. இவ்வளவையும் எந்தக் கடைக்காரரிடமும் என்னால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்கு மூன்று சனிக்கிழமை போனேன். மூன்று சக்கரம் என்றாலே குட்டிக் குழந்தைகளின் பிளாஸ்டிக் வண்டியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் ஒரு வயதான கடைக்காரர், "பதினாறு இஞ்ச் சைக்கிள் எடுத்துக்கோ மகளே, பின்பக்கத்தை ரிக்‌ஷா மிஸ்திரி செய்வான்" என்றார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? இந்த ஊரில் தினமும் கண்முன்னே ஓடுகிற மூன்று சக்கரம்தானே சைக்கிள் ரிக்‌ஷா!

மிஸ்திரி நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஃப்ரீவீல் நிஜமாவே வேண்டாமா?" வேண்டாம். ஃப்ரீவீல் இல்லாவிட்டால் சக்கரம் உருளும்வரை பெடலும் சுற்றும். பாப்பாவின் கால் பாதியில் நின்றுவிடாமல் மீதிச் சுற்றை வண்டியே முடித்துக் கொடுக்கும். ஆனால் சரிவில் பெடல் காலை இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் முன் பிரேக்கைக் கழற்றாமல் அப்படியே வைத்து, பின்னால் நான் பிடிக்க ஒரு நீளக் கைப்பிடி வைக்கச் சொன்னேன். இதை யார் செய்தாலும் அந்தக் கைப்பிடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் ஓட்டம் மோசம். இரண்டாவது சுற்றிலேயே குதிகால் தூக்கி, பாதம் நழுவி, பெடல் கணுக்காலில் அடித்தது. பாப்பா வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. ஸ்பிளின்ட் செய்பவரிடம் குதிகாலைப் பிடிக்கும் கிண்ணத்தோடு பாதத்தட்டு செய்து, இரண்டு வெல்க்ரோ பட்டை வைத்தோம். தட்டின் அடியில் இரும்புத் துண்டு ஒன்று. அந்தக் கனத்தில் தட்டு கவிழாமல் எப்போதும் மேல்நோக்கியே நிற்கிறது.

சைக்கிள் 4,200, மிஸ்திரி 6,500, பாதத்தட்டு 1,800. மொத்தம் 12,500 ரூபாய். சீட் குழாயில் மேலும் மூன்று துளை போட்டு வாங்கியிருக்கிறேன், அடுத்த குளிர்காலத்துக்குள் உயர்ந்துவிடுவாள்.

மிஸ்திரி கேட்காமலே பின்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்திருந்தார், ரிக்‌ஷா பழக்கம். அக்டோபரிலிருந்து கேட் பக்கத்து மதர் டெய்ரியில் பால் வாங்குவது பாப்பாவின் வேலை. போகும்போது முழுக்க அவளே மிதிக்கிறாள். வரும்போது நெல்லி மரத்தடியில் கால் இறுகிவிடும். அங்கிருந்து நான் தள்ளுவேன். பையைத் தொட மட்டும் விடமாட்டாள்.